ககாபோவைக் குழந்தைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம்?

மழைக்குருவி:
ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும். பென்குவின், நெருப்புக்கோழியெல்லாம் அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அதனால் நியூசிலாந்தின் ககாபோவை எடுக்கலாம் என்றிருக்கிறேன். பறக்காத கிளி என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள், அப்புறம்? அழியப்போகிற பறவை என்று ஆரம்பித்தால் முகம் வாடிவிடுமே.

நெட்டைக்கொக்கு:
சத்தத்தில் ஆரம்பியுங்கள். ஆண் ககாபோ மண்ணில் குழி பறித்து உட்கார்ந்து, நெஞ்சை பலூன் மாதிரி உப்பவைத்து ராத்திரி முழுக்க "பூம்... பூம்" என்று முழங்கும், பெண்ணைக் கூப்பிடத்தான். சில கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கும். என்ன உயிர் என்று சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் பதிவைப் போடுங்கள், தவளை, மாடு, லாரி என்று ஆளுக்கொன்று கத்துவார்கள். ஃபோன் ஸ்பீக்கர் உதவாது, அந்த அடிக்குரல் அதில் எடுபடாது.

பாசிப்பச்சை:
ஒரு விளையாட்டும் சேர்க்கலாம். ஆபத்து வந்தால் ககாபோ அப்படியே உறைந்து நின்றுவிடும். இறகு பாசி நிறம் என்பதால், கண்ணால் தேடும் வேட்டைப் பறவைகளிடம் அது பலித்தது. மனிதர்கள் கொண்டுவந்த பூனையும் எலியும் ஸ்டோட்டும் (கீரி மாதிரி ஒரு சின்ன வேட்டை விலங்கு) மோப்பம் பிடிப்பவை, ககாபோ உடம்பிலோ ஒரு தித்திப்பு வாசனை, பிறகென்ன! முதல் சுற்றில் "பருந்து" பார்க்கும்போது அசைந்தவர் அவுட். அடுத்ததில் "பூனை" கண்ணைக் கட்டிக்கொண்டு தடவித் தேடட்டும், அசையாமல் நின்றவர்தான் மாட்டுவார். ஏன் குறைந்துபோயின என்று நீங்கள் தனியாக விளக்கவே வேண்டாம்.

மழைக்குருவி:
அருமை, இதைச் செய்கிறேன். எத்தனை மிச்சம் என்று கேட்டால்?

நெட்டைக்கொக்கு:
உள்ளதைச் சொல்லுங்கள், இது அழவைக்கிற கதை இல்லை. 1995இல் 51தான் இருந்தன, இப்போது 200க்கு மேல். பூனையும் ஸ்டோட்டும் இல்லாத தீவுகளில் வைத்து, முதுகில் டிரான்ஸ்மிட்டர் மாட்டிக் கண்காணிக்கிறார்கள். ரிமு மரம் நிறையக் காய்க்கும் வருடத்தில்தான் முட்டையிடும், அது 2 முதல் 4 வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், எண்ணிக்கை மெதுவாக ஏறுவது அதனால்தான். வளர்ந்த ககாபோ ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பாசிப்பச்சை:
பெயர் என்றதும் சிரோக்கோ என்ற பிரபலமான ஆண் ககாபோவைத் தேடுவார்கள். மனிதர்கள் கையில் வளர்ந்தது, 2010இல் அரசே அதை இயற்கைப் பாதுகாப்புக்கான தூதுப் பறவையாக அறிவித்தது. ஆனால் அது ஒரு விலங்கியலாளரின் தலைமேல் ஏறி இணைசேரப் பார்த்த 2009 காணொளியை மட்டும் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள், பதில் சொல்லிமாளாது.