யரெ யரெ: எங்கே காதில் விழும், எங்கே வாயை மூடிக்கொள்ளணும்

நடைமேடை_4

அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படம்) வழியா ‘யரெ யரெ’ங்கிற ஜப்பானியச் சொல்லைப் பிடிச்சவங்க, தொப்பி போட்ட உயரமான பையன் ஒருத்தன் அலட்சியமா சொல்றதைத்தான் மனசுல வெச்சிருப்பாங்க. ஜப்பானில் அது இயல்பா வர்ற இடம் வேற. ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி வந்த பாட்டி ரெண்டு பையையும் கீழே வெச்சு, பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சை விட்டுட்டே ‘யரெ யரெ’ன்னு சொல்வாங்க. அதில் கோபமும் இல்லை, கெத்தும் இல்லை. நம்ம ‘அப்பாடா’தான்.

அதே பாட்டி, வண்டி தாமதம்னு ஒலிபெருக்கி சொன்னதும் மறுபடியும் ‘யரெ யரெ’ங்கலாம். இப்போ அது ‘சரியாப் போச்சு’.

ரெண்டையும் பிரிக்க எளிய வழி: பாரம் இறங்கினதா, ஏறினதா? இறங்கினா நிம்மதி, ஏறினா சலிப்பு. பின்னாடி வர்ற வாக்கியமும் காட்டிக்கொடுக்கும். ‘இனி கவலையில்லை’ன்னு தொடர்ந்தா முதல் வகை, ‘மறுபடியும் முதல்லேர்ந்தா’ன்னு தொடர்ந்தா ரெண்டாவது. ஜப்பானிய அகராதிகளும் ரெண்டையும் ஒரே பதிவின் கீழேதான் தருது.

ஒலிக்காரன்

உச்சரிப்பு பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பிழை இங்கேதான் அதிகம்.

‘யாரே யாரே’ன்னு எழுதுறாங்க, அப்படியே நீட்டியும் சொல்றாங்க. மூலத்தில் நாலும் குறில்: ய-ரெ-ய-ரெ. நாலுக்கும் ஒரே அளவு நேரம். எகரக் குறிலுக்குத் தமிழில் தனி எழுத்து இருக்கிறதால நம்மால இதைச் சரியாவே எழுத முடியும். ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிச்சதுதான் நெடிலுக்குக் காரணம். சலிப்பில் ஜப்பானியரும் இழுப்பாங்க, ஆனா அது உணர்ச்சிக்காக வர்ற இழுவை.

ரகரத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். நாக்கு நுனி மேல் ஈறை ஒரு தடவை தட்டி விலகுற ‘மரம்’ ரகரம் போதும். றகரமா அழுத்தினாலோ உருட்டினாலோ தெருச்சண்டைக்குக் கூப்பிடுற தொனி வந்துடும்.

முக்கியமானது சுருதி. வியப்புச்சொல்லில் முதல் ‘ய’ மேலே, பிறகு இறக்கம். இதைத் திருப்பி, ‘ய’ கீழே ‘ரெ’ மேலேன்னு சொன்னா அது வேற சொல்: ‘செய்’ங்கிற முரட்டு ஏவல். ரெண்டு தடவை சொன்னா ‘போடு, போடு!’ன்னு உசுப்பேத்துற மாதிரி. ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டு நிக்கிற இடத்தில் சலிச்சுக்கிறதா நினைச்சு இப்படிச் சொன்னா, சண்டையை நீங்களே தொடங்கி வெச்ச மாதிரி ஆகும்.

மூச்சு: முதலில் உள்ளே இழுத்து, வெளியே விடும்போதே சொல்லணும். சொல்லி முடிச்சு ஒரு பெருமூச்சைத் தனியா ஒட்டினா நாடகத்தனமா இருக்கும்.

பழைய_மங்கா_பெட்டி

‘யரெ யரெ தஸெ’ பத்தி. இது ஜோஜோ தொடரின் மூணாம் பாகத்து நாயகன் ஜோத்தாரோ குஜோவின் முத்திரை வசனம், மேலே சொன்ன தொப்பிப் பையன் இவன்தான். அராக்கி ஹிரோஹிக்கோவின் மங்காவில் (ஜப்பானியப் படக்கதை) அந்தப் பாகம் 1989 முதல் 1992 வரை வந்தது. உலகம் முழுக்க மீமா பரவினது 2014-15ல் 48 அத்தியாயமா வந்த அனிமேவுக்கு அப்புறம். குரல் ஓனோ தைசுகே.

‘தஸெ’யில் ரெண்டு துண்டு. ‘த’ (‘பந்து’வில் வர்ற மெல்லிய ஒலி) வாக்கியத்தை முடிக்கிற ‘ஆகும்’ மாதிரி. ‘ஸெ’ ஆண்கள் பேச்சில் வர்ற மிடுக்கான ஈற்றொட்டு, நம்ம ‘டா’வுக்குக் கொஞ்சம் கிட்ட. ஆங்கிலத்தில் ‘மயக்கம்’னு பொருள்படுற சொல்லோட எழுத்துக்கூட்டல் ஒண்ணா இருக்கிறதால ‘டேஸ்’னு படிக்கிறவங்க நிறைய. அது தப்பு, ரெண்டு அசையையும் தனித்தனியா சொல்லணும்.

ஆறாம் பாகத்தில் அவன் மகள் ஜோலின் இதையே ‘யரெ யரெ தவா’ன்னு சொல்வா. ‘வா’ பெண்மைத் தொனி ஈறு. அப்பன் சொல்லை மகள் வாங்கி, ஈற்றை மட்டும் மாத்திக்கிட்டா.

ஜோத்தாரோ 17 வயசுப் பள்ளி மாணவன், சொல்றதோ வாழ்க்கையில் அடிபட்ட நடுவயசுக்காரர் சொல். அந்தப் பொருத்தமின்மைதான் கெத்து. ஹருஹி அனிமே தொடரின் கதைசொல்லி க்யோனும் இந்தச் சொல்லுக்குப் பேர்போனவன், அவனும் பள்ளி மாணவன்தான். நாவலாசிரியர் முரகாமி ஹருகியின் கதைசொல்லிகளும் இதை அடிக்கடி சொல்ற ஆளுங்க.

நிஜ வாழ்க்கையில் ‘தஸெ’ சேர்த்துச் சொன்னா எதிரில் இருக்கிறவர் சிரிப்பார், ஏன்னா அது பகடியாத்தான் காதில் விழும். இப்படிப் பாத்திரத்தோட வகையைக் காட்டவே கதைகளில் புழங்குற பேச்சுக்கு ‘யக்குவாரிகொ’, அதாவது பாத்திரமொழின்னு பேர் வெச்சவர் மொழியியலாளர் கின்சுய் சத்தோஷி. 2003ல் வந்த அவர் நூல் அதைப் பத்தினதுதான்.

ஷிஃப்ட்_முடிஞ்சது

வேலை இடத்துக்கு வருவோம். மேலாளர் புது வேலை கொடுக்கும்போது இந்தச் சொல் வாயில் வரவே கூடாது. நீங்க வேலையை நொந்துக்கிறதா நினைப்பீங்க, அவர் காதில் ‘உங்களோட பெரிய ரோதனை’ன்னு விழும். வாடிக்கையாளர் போனை வெச்சதும் சொல்றதும் அப்படித்தான், இணைப்பு துண்டாகலைன்னா கதை முடிஞ்சது. புது வேலைக்குப் பதில் ‘கஷிகொமாரிமஷ்தா’, அதாவது ‘அப்படியே செய்றேங்க’.

வேலை முடிஞ்ச நிம்மதியைப் பெரியவங்க முன்னால சொல்ல ‘ஹொத்தொ ஷிமஷ்தா’ (நிம்மதியாச்சுங்க). அவங்க உதவியிருந்தா ‘தஸுக்காரிமஷ்தா’ (காப்பாத்திட்டீங்க). சமவயசு சகாக்களோட, எல்லாரும் ஒரே பாரத்தைச் சுமந்து இறக்கின பிறகு, ‘யரெ யரெ, யத்தொ ஒவத்தா’ (அப்பாடா, ஒருவழியா முடிஞ்சது) தாராளமா சொல்லலாம்.

இது தனக்குத்தானே சொல்லிக்கிற சொல். ஆளை நேரா பார்த்துச் சொன்னா ஏளனம். ஒருத்தரைக் கடிஞ்சுக்கணும்னா ஜப்பானியர் எடுக்கிறது ‘மத்தக்கு’. உட்காரும்போது முட்டி வலிக்கு ‘யொக்கொய்ஷொ’. ஒசாகா பக்கம் களைப்புக்கு ‘ஷிந்தொ’. எல்லாத்துக்கும் யரெ யரெ போட்டா, பத்து ஆயுதம் இருக்கிற பெட்டியில் சுத்தியலை மட்டும் எடுக்கிற மாதிரி.

வரி_ரெண்டு

தமிழ் சப்டைட்டில் போடுறவங்களுக்கு. ஜப்பானியப் பேச்சு நொடிக்கு ஏழெட்டு அசை வேகத்தில் ஓடும். ‘யரெ யரெ தஸெ’ ஆறு அசை. ஜோத்தாரோ இழுத்துச் சொன்னாலும் ஒன்றரை நொடிக்குள்ள முடிஞ்சுடும். அதனால தமிழில் ஒண்ணு ரெண்டு சொல்தான் தாங்கும்.

ஆங்கில வரியைப் பார்த்து ‘கடவுளே’ன்னு போடுறாங்க. அவன் யாரையும் கூப்பிடலை. ‘ஐயோ’ அதைவிட மோசம், அதில் பதற்றம் இருக்கு. அவனுக்குப் பதற்றமே கிடையாது. சண்டைக்கு முன்னாடி ‘இது வேறயா’ நல்லா உட்காரும். எதிரி தன் பெருமையை அளந்து முடிச்ச பிறகுன்னா ‘தொல்லைடா சாமி’. சண்டை முடிஞ்சு தொப்பியைச் சரிசெய்ற காட்சியில் ‘அப்பாடா’ போட்டா ஆள் சின்னவனாயிடுவான், அங்கே ‘ஒழிஞ்சது’ பரவாயில்லை. ஒரே தமிழ்ச்சொல்லை எல்லா இடத்திலும் வெச்சாத்தான் முத்திரை வசனம்னு தெரியும்னு ஒரு கட்சி உண்டு. அதுக்கு ‘இது வேறயா’ தாங்காது. அந்தக் கட்சிக்காரங்க ‘யரெ யரெ’யை அப்படியே விட்டுடலாம்.

பழைய_மங்கா_பெட்டி

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒத்தை ‘யரெ’ ரொம்பப் பழசு, ‘ஏய், டேய்’னு கவனத்தைத் திருப்புற விளி. கொபயாஷி இஸ்ஸா (1763–1828) எழுதின ஹைக்கூ ஒண்ணு அதில்தான் தொடங்குது: ‘ஏய், அடிக்காதே! ஈ கையைத் தேய்க்குது, காலைத் தேய்க்குது.’ இன்னிக்கும் புகாரை அடுக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் முன்னால ‘யரெ’ வரும். ‘யரெ வீட்டுப்பாடம், யரெ ட்யூஷன்னு பிள்ளைக்கு ஓய்வே இல்லை’ங்கிற மாதிரி. இதை வியப்புச்சொல்லா எடுத்து ‘அப்பாடா வீட்டுப்பாடம்’னு பெயர்த்திடாதீங்க.

நடைமேடை_4

எழுத்தில் ஹிரகனாதான் (ஜப்பானிய அசையெழுத்து) வழக்கம். போனில் ஜப்பானிய விசைப்பலகையில் இதைத் தட்டினா, ரெண்டு உள்ளங்கையையும் மேலே விரிச்சுத் தோளைத் தூக்குற முகக்குறி பரிந்துரையில் வரும். நண்பர்கள் குழுவில் அது போதும், சொல்லே தேவையில்லை. ஆனா ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு அனுப்பின செய்திக்குக் கீழே அதைப் போடாதீங்க. ‘உன்னைத் திருத்தவே முடியாது’ன்னு படிச்சுக்குவாங்க.