உச்ச நீதிமன்றத்தைப் பார்த்து வந்தவர்கள் யாரேனும் உண்டா?

வணக்கம். நாங்கள் மன்னார்குடிப் பக்கம். தாளடி (இரண்டாம் போக நெல்) நடவு முடிந்ததும் அப்பாவை டெல்லிக்கு அழைத்துப் போகிறேன். தாஜ்மகாலெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். காவிரி வழக்கு நடந்த இடத்தைப் பார்த்தே தீர வேண்டுமாம். கர்நாடகம் ஆண்டுதோறும் நமக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீராக 2007இல் காவிரி நடுவர் மன்றம் தந்த 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் 177.25 ஆன கணக்கை, வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டிச் சேற்றை வழித்துக்கொண்டே இன்றும் சொல்வார். அந்த 14.75ஐ அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், இரண்டாம், நான்காம் சனி கிடையாது என்பதெல்லாம் தெரியும். ஆனால் அவருக்கு வெறும் கட்டடம் போதாது. நீதிபதிகள் அமர்ந்து விசாரிப்பதைப் பார்க்க வேண்டும். வார நாளில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போனவர்கள் இருந்தால், வழக்கறிஞர் கையெழுத்து கேட்டார்களா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள்.

வேட்டி, தோளில் துண்டு, இடுப்பில் வெற்றிலைப் பை. இவற்றில் எதற்குத் தடை? பேன்ட் போடச் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பேச்சு வீட்டிலேயே தோற்றுவிட்டது. மூட்டுவலிக்காரர், சுப்ரீம் கோர்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாமா, ஆட்டோ பிடிப்பதுதான் நல்லதா?