அடுத்த தொற்று வந்தா மாநகராட்சி, ஊராட்சிகிட்ட எதை உரிமையா கேக்கலாம்?

மாடித்தோட்டம்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வார்டுல ஏரியா சபை, அதாவது பகுதி மக்கள் உக்காந்து பேசுற கூட்டம் வரப்போகுது. வழக்கமா ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லைன்னு பேசி முடிச்சிடுவாங்க. இந்த தடவை நான் ஒரு மனு குடுக்கலாம்னு இருக்கேன். கொரோனா மாதிரி இன்னொன்னு வந்தா எங்க வார்டு மக்களுக்கு உள்ளாட்சி என்னென்ன செய்யும், யாரு பொறுப்புன்னு இப்பவே எழுத்துல குடுங்கன்னு கேக்கணும். இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்குன்னு வீட்டுலயே கேக்குறாங்க. இப்ப கேக்காம லாக்டவுன் போட்ட அன்னிக்கு யாரை போய் கேக்குறது?

2020ல எங்க தெருவுல ஒருத்தருக்கு பாசிட்டிவ்னதும் ரெண்டு முனையிலயும் தகரம் அடிச்சு மூடிட்டாங்க. பரவக்கூடாதுன்னு மூடுறது சரிதான், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மூடினவங்க உள்ள இருக்கறவங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை கூட கேக்கல. நாலு வீடு தள்ளி ஒரு அம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ், ஆட்டோ உள்ள வர வழி இல்ல, அவங்க பையனும் பக்கத்து வீட்டு தம்பியும் அவங்களை பிளாஸ்டிக் சேர்ல உக்காரவச்சு தூக்கிட்டு வந்து, தகரத்துல ஒரு ஷீட்டை வளைச்சு வெளிய கொண்டு போனாங்க, அதுக்கும் போலீஸ்காரர்கிட்ட திட்டு. தெருக்கடைசில லைன் வீடு இருக்கு, ஆறு குடும்பத்துக்கு ஒரே டாய்லெட். அவங்களுக்கும் அதே பேப்பர்தான் குடுத்தாங்க, தனி ரூம், தனி பாத்ரூம்ல இருக்கணும்னு. எங்க போய் இருப்பாங்க அவங்க?

கேக்க விரும்புறது இதுதான். சட்டப்படி நாம என்ன கேக்கலாம்? வேற எந்த ஊர்லயாவது உள்ளாட்சி இதை ஒழுங்கா செஞ்சிருக்கா? மனுல எதை முதல்ல போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_பேட்டைக்காரன்:

செல்விம்மா, நல்ல காரியம், கண்டிப்பா குடுங்க. ஒரு விஷயம் நிறைய பேருக்கு ஞாபகமே இல்ல. கொரோனா வந்தப்ப தமிழ்நாட்டுல எந்த நகரத்துலயும் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சது, அப்ப அறிவிச்ச தேர்தலை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, அப்புறம் தள்ளித்தள்ளி 2022 பிப்ரவரி 19ல தான் ஓட்டே போட்டோம். முதல் அலை, ரெண்டாவது அலை, ஆக்சிஜனுக்கு அலைஞ்சது, சுடுகாட்டு வாசல்ல வரிசைல நின்னது எல்லாமே கவுன்சிலுக்கு பதிலா அரசு போட்ட தனி அலுவலர் ஆட்சிலதான்.

அதிகாரிங்க வேலை செய்யலன்னு சொல்ல மாட்டேன். சென்னைல தெருத்தெருவா காய்ச்சல் முகாம் போட்டாங்க, வீட்டுல தனிமைல இருக்கறவங்களுக்கு மளிகை, மருந்து வாங்கி குடுக்க ஃபோகஸ்னு தன்னார்வலர்களை போட்டாங்க, அதெல்லாம் உண்மையிலேயே உதவுச்சு. தூய்மைப் பணியாளருங்க பயந்துகிட்டேதான் வந்தாங்க, ஆனா ஒரு நாளும் வராம இல்ல. குறை எங்கன்னா, உங்க தெருவுல தகரம் அடிச்சதும் ஓடிப்போய் சட்டையை பிடிச்சு கேக்க ஒரு ஆள் இல்ல. கவுன்சிலர்னா நாளைக்கு அவர் அதே தெருவுல ஓட்டு கேட்டு வரணும், அந்த பயம் இருக்கும். அதிகாரிக்கு மேல இருந்து வர்ற ஆர்டர் மட்டும்தான். அதனால மனுல முதல் வரியே எங்க வார்டுக்கு பொறுப்பான ஆள் யாரு, அவர் நம்பர் என்ன, அவர் இல்லன்னா அடுத்தது யாருன்னு போடுங்க. ஹெல்ப்லைன் நம்பர் வேண்டாம், ஆள் வேணும்.

ஏரியா சபையே 2022 நவம்பர் 1லதான் முதல் தடவை நடந்துச்சு. அதை ரோடு சாக்கடையோட நிறுத்தாம இந்த மாதிரி பெரிய கேள்வி கேட்டாதான் அதுக்கு மதிப்பு.

தாராவி_90அடி_ரோடு:

அக்கா, லைன் வீட்டு டாய்லெட் பத்தி எழுதினீங்கல்ல, அதை படிச்சுட்டு சும்மா போக முடியல. நான் பொறந்து வளர்ந்தது மும்பை தாராவி, அப்பா திருநெல்வேலில இருந்து வந்தவர். இங்க ரெண்டரை சதுர கிலோமீட்டருக்குள்ள எட்டு லட்சத்துக்கு மேல ஜனம், பத்துக்கு பத்து ரூம்ல எட்டு பேர், பத்து பேர் படுப்போம். பெரும்பாலான வீட்டுல கக்கூஸ் கிடையாது, தெருக்கோடி பொது கழிப்பறைதான். 2020 ஏப்ரல் 1ந்தேதி முதல் கேஸ் வந்தப்ப தாராவி அழிஞ்சிடும்னே எல்லாரும் பேசினாங்க.

மும்பை மாநகராட்சி வார்டு ஆபீஸ் ஆளுங்க முதல்ல புரிஞ்சுகிட்டது, இந்த ஜனத்தை வீட்டுல தனியா இருன்னு சொல்றதுல அர்த்தமே இல்லன்னு. அதனால ஸ்கூல், கல்யாண மண்டபம், ஸ்போர்ட்ஸ் காம்ப்ளக்ஸ்னு எடுத்து அங்க கட்டில் போட்டு சோறு போட்டு வச்சாங்க. பொது கழிப்பறைய ஒரு நாளைக்கு பல தடவை மருந்து அடிச்சு கழுவினாங்க. அது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா எங்களுக்கு நோய் வர்ற வழியே அதுதான். நாங்க எந்த டாக்டர்கிட்ட வழக்கமா ஊசி போடுவோமோ அந்த லோக்கல் டாக்டருங்களையே கூட கூட்டிக்கிட்டு வீடு வீடா காய்ச்சல் பாத்தாங்க, அதனால ஜனங்க கதவை திறந்தாங்க. வெளியூர் ஆபீசர் மட்டும் வந்திருந்தா பாதி பேர் ஒளிஞ்சிருப்பாங்க. ஜூலைல உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவி பேரை சொல்லி பாராட்டினார்.

எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு சொல்லல. வேலை போயி வாடகை குடுக்க முடியாம, ரயிலுக்கும் பஸ்சுக்கும் காத்துக்கிடந்து ஊருக்கு போன நம்ம ஆளுங்க ரொம்ப பேர். ஆனா உங்க மனுல இதை கண்டிப்பா எழுதுங்க: தனி கழிப்பறை இல்லாத வீட்டுக்காரங்களை எங்க வைப்பீங்க, அந்த மண்டபம் எது, அங்க பொம்பளைங்களுக்கு தனி டாய்லெட் இருக்கா, சோறு யாரு போடுவா.

மதுரை_கோர்ட்_வாசல்:

சட்டம் கேட்டீங்க, சுருக்கமா எனக்கு தெரிஞ்சது. சுகாதாரத்துக்கு மெட்ராஸ் மாகாணத்துல 1939லயே தனிச்சட்டம் வந்தாச்சு, இன்னிக்கும் அதுதான் நடைமுறை. அது போக 1897 தொற்றுநோய் சட்டம், 2005 பேரிடர் மேலாண்மை சட்டம். முந்தின ரெண்டும் அதிகாரிக்கு என்ன அதிகாரம்னு பக்கம் பக்கமா பேசுது, மூடப்பட்ட தெருவுக்குள்ள இருக்கற மனுஷனுக்கு என்ன கிடைக்கணும்னு பெருசா பேசல. 2005 சட்டத்துல மட்டும் சாப்பாடு, தண்ணி, தங்குமிடம், மருத்துவத்துக்கு குறைந்தபட்ச நிவாரண அளவு வகுக்கணும்னு ஒரு பிரிவு இருக்கு. மீதியை கோர்ட்ல போய்தான் வாங்க வேண்டியிருந்தது.

உதாரணம், வீட்டு வாசல்ல ஒட்டின ஸ்டிக்கர். 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பேரிடர் சட்டப்படி அதிகாரி தனியா உத்தரவு போட்டாலொழிய பாதிக்கப்பட்டவங்க வீட்டுல போஸ்டர் ஒட்டக்கூடாதுன்னு. அதுக்குள்ள எத்தனை குடும்பங்களுக்கு வீட்டு ஓனர் காலி பண்ண சொல்லி, வேலைக்காரம்மா வராம, பக்கத்து வீட்டுக்காரங்க பேச்சை நிறுத்தி ஆச்சு! கர்நாடகால தனிமைல இருக்கறவங்க அட்ரஸ் லிஸ்ட்டையே வெளியிட்டாங்க. நோயாளி பேரும் அட்ரஸும் வெளிய போகாதுன்னு உறுதி கேளுங்க.

அடுத்து அடக்கம். 2020 ஏப்ரல்ல சென்னைல கொரோனால இறந்த ஒரு டாக்டர் உடலை புதைக்க விடாம கல்லால அடிச்சு ஆம்புலன்ஸை விரட்டினாங்க. ஹைகோர்ட் தானாவே வழக்கு எடுத்துச்சு, ஒரு வாரத்துல அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு, அடக்கத்தை தடுத்தா 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு. சுடுகாடு, இடுகாடு பராமரிக்கறது உள்ளாட்சிதான், அதனால சுத்தி இருக்கற ஜனங்ககிட்ட முன்னாடியே பேசி பயத்தை போக்க வேண்டியதும் அவங்க வேலைதான்.

கடைசியா இறப்புச் சான்றிதழ். இதை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, ஆனா நான் பாத்த கேஸ்கள்ல குடும்பங்களை ரொம்ப அலைய விட்டது இதுதான். கொரோனால இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபாய் குடுக்கணும்னு 2021ல முடிவாச்சு. காரணம் கொரோனான்னு காகிதத்துல இல்லாதவங்க அதுக்கு ரொம்ப அலைய வேண்டியிருந்தது. நிமோனியா, மாரடைப்புன்னு எழுதியிருந்தா மாவட்டக் கமிட்டிக்கு மனு போட்டு நடந்தாங்க. டெஸ்ட் பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள்ள இறந்தா வீட்டுல இறந்திருந்தாலும் கொரோனா இறப்புதான்னு வழிகாட்டுதல் வந்ததே 2021 செப்டம்பர்ல. சென்னைல 2020 ஜூலைல விட்டுப்போன 444 இறப்பை ஒரே நாள்ல கணக்குல சேர்த்தாங்க, மாநகராட்சி பதிவேட்டுல இருந்தது மாநிலக் கணக்குல ஏறாம கிடந்திருக்கு. பதிவு சரியா இல்லன்னா செத்தவங்களுக்கும் நியாயம் இல்ல, இருக்கறவங்களுக்கும் பணம் இல்ல.

டெல்டா_ஊராட்சி:

நகரத்துக்காரங்க மட்டுமே பேசுறீங்க, எங்க பக்கமும் கொஞ்சம் சொல்றேன். எங்களுக்கு அப்ப தலைவர் இருந்தாரு, 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்து பதவிக்கு வந்து மூணு மாசம் கூட ஆகல. சென்னை, திருப்பூர்ல இருந்து பிள்ளைங்க திரும்பி வர ஆரம்பிச்சதும் ஊருக்குள்ள விடக்கூடாதுன்னு சில பேர் ரோட்டுல முள்ளு வெட்டிப் போட்டாங்க. தலைவரும் விஏஓவும் ஊர் பெரியவங்களும் உக்காந்து பேசி ஆரம்பப் பள்ளிக்கூடத்தை திறந்து விட்டாங்க. சத்துணவுக் கூடத்துலயே சமையல், மேல்நிலைத் தொட்டி (ஓஹெச்டி) ஆபரேட்டர் தினமும் ரெண்டு வேளை அங்க மட்டும் தனியா தண்ணி திறந்து விடுவாரு. அதுல தங்கினவன் எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான், ஆனா பயம் வந்துட்டா ஜனங்களுக்கு அது கண்ணுக்கு தெரியாது. பெத்த அம்மா ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசிட்டு போனாங்க.

காசு விஷயம் சொல்லணும். அந்த 2020ல ஊராட்சி கணக்குல வந்த மத்திய நிதிக்குழு மானியத்துல பாதி குடிதண்ணிக்கும் துப்புரவுக்கும்னு கட்டி வச்சது. பிளீச்சிங் பவுடர், கைகழுவ தண்ணித் தொட்டி வாங்கலாம். பசிச்சவனுக்கு அரிசி வாங்கணும்னா நன்கொடைதான், இல்லன்னா தலைவர் கைக்காசு. அவசரத்துல ஊராட்சியே முடிவு பண்ணி செலவு பண்ண ஒரு சின்ன தொகையாவது வேணும், இது எல்லா ஊராட்சிலயும் இருக்கற குறை.

கிராம சபையும் நிறுத்திட்டாங்க. 2020 அக்டோபர் 2 கூட்டத்தை தொற்றை காரணம் காட்டி ரத்து பண்ணாங்க. டாஸ்மாக் கடை திறந்திருக்கு, பஸ் ஓடுது, நூறு நாள் வேலை நடக்குது, ஊர் ஜனம் இடைவெளி விட்டு மரத்தடில உக்காந்து கணக்கு கேக்க மட்டும் தடையா? எனக்கு இன்னிக்கும் அது ஆறல. ஒரு வருஷம் கழிச்சு 2021 அக்டோபர் 2ல திரும்ப நடந்துச்சு. இன்னொண்ணு, அப்ப ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரில முடிஞ்சு அந்த ஊராட்சிகள் எல்லாம் தனி அலுவலர் கைக்கு போயிடுச்சு. அன்னிக்கு நகரத்துக்கு இருந்த நிலைமை அப்படியே கிராமத்துக்கு வந்துச்சு.

மாடித்தோட்டம்_செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. மண்டபம், பொறுப்பு ஆள், அட்ரஸ் வெளிய போகாதது, இறப்புச் சான்றிதழ் எல்லாம் குறிச்சுகிட்டேன். இன்னொரு சந்தேகம். எங்க வார்டுல கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா ஆளுங்க நிறைய இருக்காங்க, ஷெட்டுல தங்கியிருக்காங்க. ஏரியா சபைல அவங்க பேரே வராது, ஓட்டும் இங்க இல்ல. அவங்களுக்கும் சேர்த்து கேக்க முடியுமா?

திருப்பூர்_நூல்:

முடியும் சகோதரி, கேக்கணும். உள்ளாட்சி எல்லைக்குள்ள குடியிருக்கறவன் எல்லாருக்கும் பொறுப்பு அதுதான், ஓட்டு எங்க இருந்தா என்ன. 2020ல இங்க கம்பெனி மூடினதும் ஹாஸ்டல்ல இருந்த வடக்கத்தி பசங்களுக்கு ரேஷன் கார்டு இல்ல. கார்டுக்கு 1000 ரூபாயும் அரிசி பருப்பும் குடுத்தாங்க, கார்டே இல்லாதவன் அதை எட்டி நின்னு பாத்தான். நாங்க சில பேர் சேர்ந்து பொட்டலம் கட்டி குடுத்தோம், ஆனா எத்தனை நாளைக்கு அது ஓடும்? அதே நேரம் பக்கத்துல கேரளால ஊராட்சி, நகராட்சி எல்லாம் குடும்பஸ்ரீங்கற சுயஉதவிக் குழு பெண்களை வச்சு சமுதாய சமையற்கூடம் ஆரம்பிச்சுட்டாங்க, முடியாதவங்களுக்கு இலவசம், வெளிமாநில தொழிலாளருக்கும் சாப்பாடு போச்சு. நம்ம ஊர்ல அம்மா உணவகம் இருந்ததால கொஞ்சம் தப்பிச்சோம், பல இடத்துல லாக்டவுன்ல இலவசமாவே போட்டாங்க. ஆனா அது மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள்ளதான், ஊரை விட்டு தள்ளி இருக்கற ஷெட்டுக்காரனுக்கு எட்டாது. 2021 ஜூன் 29ல சுப்ரீம் கோர்ட் வெளிமாநில தொழிலாளருக்கு உலர் ரேஷன், சமுதாய சமையல் எல்லாம் குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதை மனுல காட்டுங்க.

ஒரு யோசனை. கூட்டத்துக்கு முன்னாடி உங்க தெருவுல யாருக்கு டயாலிசிஸ், யாரு தனியா இருக்கற வயசானவங்க, எந்த ஷெட்டுல எத்தனை பேர்னு நீங்களே எண்ணிக்கை எடுத்து வச்சுக்கோங்க, பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வெறும் கோரிக்கையா போனா பரிசீலிக்கிறோம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. மனு குடுத்ததும் அது மினிட்ஸ்ல ஏறுதான்னு நின்னு பாருங்க, ஒரு காப்பில சீல் போட்டு வாங்குங்க, கமிஷனர் ஆபீசுக்கு இன்னொரு காப்பி ரெஜிஸ்டர் தபால்ல போடுங்க. ரெண்டு மாசத்துல பதில் வரலன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடலாம், அதுக்கு மதுரைக்காரர் ஒரு மாதிரி எழுதி குடுத்தா எங்க ஊர்லயும் இதையே செய்றோம்.

மதுரை_கோர்ட்_வாசல்:

ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதி இங்கயே போடுறேன். நகரத்துக்கு ஒண்ணு, ஊராட்சிக்கு ஒண்ணு தனித்தனியா.