ஆடிக்காற்றைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுத்தோம்

பொள்ளாச்சியிலிருந்து:

ஐந்து நாள் விடுப்பில் எங்கள் குடும்பம் இரண்டு முறை இலங்கைக்குப் போய் வந்திருக்கிறது. கொச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கொழும்பு என்பதால், குறுகிய பயணத்துக்கு அதைவிட வசதியான அயல்நாடு எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் முறை ஜூன் மாதத்தில் நுவரெலியாவுக்குப் போனோம். தேயிலை மலையையும் ரயிலையும் படங்களில் பார்த்து மயங்கியதில், அங்கே அப்போது என்ன பருவம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மூன்று நாட்களும் மூடுபனியும் விடாத சாரலுமாகக் கழிந்தன. குளிர் தாங்காத என் அத்தை விடுதி அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அந்தக் காற்றைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள் நாம் என்பதால் எனக்கு வருத்தம் அதிகம். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறையிலும் சின்னக்கல்லாற்றிலும் மழை கொட்டும்போது, மலைக்கு இந்தப்புறம் பல்லடம், காங்கயம் பக்கம் பெரும்பாலும் காற்று மட்டுமே வீசும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில்தான் நம் காற்றாலைகள் சுழல்கின்றன. இலங்கையின் நடுமலைகளும் மழையை அப்படியே மறிக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவு நனையும் காலத்தில் கிழக்குக் கரை வறண்டும் கடல் அமைதியாகவும் இருக்கும்.

ஆகவே அடுத்த முறை ஆடி மாதத்தில் திருகோணமலைக்குப் போனோம். விமான நிலையத்திலிருந்து சாலை வழியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அதனால் சிகிரியாவுக்கு அருகில் ஓர் இரவு தங்கி, அலைச்சலைக் குறைத்துக்கொண்டோம். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் இந்த ஏற்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். நிலாவெளியில் கடல் குளம்போலக் கிடந்தது. கரையிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புறாத்தீவில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த மாத்திரத்தில் பவளப்பாறைகளும் மீன்களும் தெரிந்தன. (பவளத்தின் மேல் கால் வைத்தால் அது செத்துவிடும்; குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.) அந்த மேல்காற்றைப் படகுக்காரர் ‘கச்சான்’ என்றார், நம் ஆடிக்காற்றுக்கு அங்கே அதுதான் பெயர். மாலையில், கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் பாறையின் மேலுள்ள கோணேசுவரத்தில், அந்தத் தலத்துக்குச் சம்பந்தர் அருளிய பதிகத்தை அத்தை முழுவதும் பாடினார். முதல் பயணத்தில் அறைக்குள்ளேயே இருந்தவர் அவர்.

திருப்பூரிலிருந்து:

ஐயா, ஏற்றுமதி வேலையில் இருக்கும் எங்களுக்கு ஆடியில் விடுப்புக் கிடைப்பதில்லை. பொங்கலுக்குத்தான் ஐந்து நாட்கள் சேரும். அப்போது திருகோணமலைப் பக்கம் வடகிழக்குப் பருவ மழை இருக்கும். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றானதும், கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக அங்கே போக முடிவு செய்தோம். முதலில் நாங்கள் விரும்பியது கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான். ஜனவரியில் அங்கே கடல் கொந்தளிப்பதால் பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும் என்று, முன்பணம் கட்டுவதற்கு முதல் நாள்தான் தெரிந்தது. உடனே மேற்குக் கரையிலுள்ள லங்காவிக்கு மாற்றிக்கொண்டோம். தீபகற்பத்தின் நடுவிலுள்ள மலைத்தொடர் அந்தப் பருவக்காற்றைத் தடுத்துவிடுகிறது. மாட் சின்சாங் மலைக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறிய அன்று வானம் வெளுத்திருந்தது. தாய்லாந்துத் தீவுகள் வரை பார்த்துவிட்டு இறங்கினோம்.