நகரம் பெருகப் பெருகக் காற்று ஏன் கெடுகிறது?

கேள்வி:
எங்கள் பகுதியில் தனி வீடுகளை இடித்து வரிசையாக அடுக்குமாடிகள் கட்டுகிறார்கள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலைக்குள் கறுப்பாகப் படிந்துவிடுகிறது. வண்டிகள் கூடியதுதான் காரணமா, கட்டடங்களுக்கும் பங்கு உண்டா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

பதில் 1:
இரண்டுக்குமே பங்கு உண்டுங்க. குறுகலான தெருவின் இருபுறமும் உயரமாகக் கட்டினால் காற்று மேலோடு போய்விடும். வண்டிப் புகை கீழேயே சுழன்றுகொண்டு நிற்கும். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலும் சூடும் ஏறினால் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் என்ற கெடுதலான வாயு உருவாகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும்.

பதில் 2:
கம்பியில் படிவதைவிட, படியாமல் மிதப்பதுதான் எனக்குக் கவலை. பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். அதன் ஆண்டுச் சராசரி வரம்பை உலக சுகாதார அமைப்பு 2021இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. நெரிசல் நேரத்தில் சாலைப் பக்க ஜன்னலை மூடிவையுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. தொட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்றிவிடுகிறேன். கட்டுமான இடத்தில் தண்ணீர் தெளிக்கவும் வலை கட்டவும் நாளைக்கே போய்ச் சொல்கிறேன்.