இத்தாலியில வாடகை கார் எடுத்து பழைய ஊருங்கள சுத்தலாமா?

ஜெலுத்தோங் பொண்ணு:
அம்மா அப்பாவோட இத்தாலி போறோம், புளோரன்ஸ்ல கார் எடுத்து சியெனா, சான் ஜிமிஞானோ, வொல்தெரா எல்லாம் நாமளே ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப ஆசை. நம்ம மலேசிய லைசென்ஸ் போதுமா? அங்க வலது பக்கம் வேற ஓட்டணும், பயமா இருக்குலா.

பட்டர்வொர்த் அண்ணன்:
தாராளமா போங்கம்மா. ஜேபிஜேல, அதாவது நம்ம சாலைப் போக்குவரத்து இலாகாவுல, அனைத்துலக லைசென்ஸ் எடுத்துக்குங்க, நம்ம லைசென்சும் கூடவே இருக்கணும். முக்கியமான விஷயம், பழைய ஊருக்குள்ள இசட்டிஎல்னு, அதாவது வண்டி போகக் கட்டுப்பாடு உள்ள பகுதின்னு, போர்டு இருக்கும், வெள்ளை வட்டத்த சுத்தி சிவப்பு, அனுமதி இல்லாம உள்ள போனா கேமரா நம்பர் பிளேட்ட புடிச்சிரும், அப்புறம் மாசக்கணக்கு கழிச்சி அபராத சம்மன் பினாங்கு வீட்டுக்கே வரும், வாடகைக் கம்பெனியும் தனியா சார்ஜ் போடும். அதனால ஊர் மதிலுக்கு வெளிய நிறுத்திட்டு நடந்து போங்க. பார்க்கிங்ல நீலக் கோடுன்னா காசு, வெள்ளைன்னா சும்மா, மஞ்சள் பக்கமே போகாதீங்க.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அங்க மெனுவல் கியர் கார்தான் நெறய, ஆட்டோ கியர் வேணும்னா இப்பவே புக் பண்ணிரும்மா. காரையும் ஏர்போர்ட்லயே எடு, டவுனுக்குள்ள வேணாம். சான் ஜிமிஞானோவுல ஒரு காலத்துல 72 கோபுரம் இருந்துச்சாம், இன்னிக்கு 14 நிக்குது, தூரத்துலருந்து ரோட்டுல வரும்போதே தெரியும், அவ்ளோ அழகு! அப்பாவ முன் சீட்டுல உக்கார வை.