இரண்டரை வயதுப் பையன் 16 கிலோ இருக்கிறான், கவலைப்பட வேண்டுமா?

மகனுக்கு இரண்டரை வயது, உயரம் 90 செ.மீ., எடை 16 கிலோ. பிறந்தபோது 2.6 கிலோதான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நோஞ்சானாக இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே, மூன்றாம் மாதத்திலிருந்து புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்தேன், மளமளவென்று ஏறிவிட்டான். இப்போதும் ராத்திரி தூங்க சர்க்கரை போட்ட பால் ஒரு புட்டி, விடியற்காலை இன்னொன்று. போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். மாமியார் ஓடியாடினால் வற்றிவிடுவான் என்கிறார். எனக்குக் கர்ப்பத்தில் சுகர் இருந்தது, அதனால் பயமாக இருக்கிறது.

பதில் 1
அங்கன்வாடியில் வேலை செய்கிறேன் தங்கச்சி. இந்த வயதில் எடையை மட்டும் பார்க்கக் கூடாது, உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 90 செ.மீ. பையனுக்கு நடுமட்ட எடை சுமார் 13 கிலோ. உங்கள் மகன் அதிக எடையில் வருகிறான், பருமன் என்ற அளவுக்குப் போகவில்லை. எங்களிடம் வரும் அம்மாக்கள் எடை குறைந்தால்தான் பதறுவார்கள், கூடினால் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அதிக எடை 2015-16இல் 2.1 சதவீதம், 2019-21இல் 3.4 சதவீதம்.

பதில் 2
நான் ஊட்டச்சத்து படித்தவள். நம் பிள்ளைகள் பிறக்கும்போது ஒல்லியாகத் தெரிந்தாலும் உடம்பில் கொழுப்பு இருக்கும். புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தபோது அங்கே சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. எடை இவ்வளவு குறைந்தும் முதுகுத் தோலடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு முதல் இரண்டு வருடத்தில் வேகமாக எடை ஏற்றுவதுதான் எனக்குப் பெரிய கவலை, கர்ப்பகாலச் சர்க்கரையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வற்றிவிடுவான் என்று அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஒரு வயதுக்குப் பிறகு உயரத்துக்கேற்ற சதை குறைந்துகொண்டே வந்து ஐந்து, ஆறு வயதில்தான் மறுபடி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் முன்கூட்டியே வந்துவிட்டால் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு அதிகம். பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள்! எடை இப்படியே நின்று உயரம் கூடினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 3
என் மகளுக்கும் இதே புட்டிதான். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தேன், அவளுக்குத் தெரியவே இல்லை. அப்புறம் பாலைச் சாயங்காலமே டம்ளரில் கொடுத்துவிட்டு, ராத்திரி தண்ணீர் மட்டும். நாலு ராத்திரி அழுதாள், ஐந்தாம் நாள் தூங்கிவிட்டாள். போனை எடுத்ததும் இரண்டு வாய் இட்லியோடு எழுந்து ஓடினாள், விட்டுவிட்டேன், பதினோரு மணிக்குத் தானாகவே வந்து பசிக்குது என்றாள். அதற்கு முன்னால் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. தூக்கத்தையும் கவனியுங்கள், இந்த வயதுக்குப் பகலும் ராத்திரியும் சேர்த்துப் பதினொரு மணி நேரமாவது வேண்டும்.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. பசிக்குது என்று என் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை, அதைப் படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. சர்க்கரையை இன்று ராத்திரியே குறைக்கிறேன். மாமியாரையும் மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன், அவர் சொன்னால் கேட்பார்.